மாத்திரைக்குப் பழகிய கிருமிகள்

மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நின்று "காய்ச்சல், சளி, தொண்டை வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டால் ஒரு சின்னக் காகிதக் கவரில் மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துப் போட்டுக் கொடுப்பார்கள். செட்டு மாத்திரை என்று அதற்குப் பெயர். காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால், மூக்கொழுகலுக்கு ஒரு செட்ரிசின், அப்புறம் பல நேரம் அசித்ரோமைசினோ அமாக்ஸிசிலினோ செஃபிக்ஸிமோ ஒரு ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை அது ஒன்றும் செய்யாது. அட்டையில் பெயர் இருந்த பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும் என்பதால் எதைத் தின்கிறோம் என்பதுகூடத் தெரியாது. வைரஸ் காய்ச்சல் எப்படியும் மூன்று நான்கு நாளில் விட்டுவிடும், விட்டதும் நல்ல பெயர் அந்த மூன்றாவது மாத்திரைக்குப் போய்விடும். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் "போன தடவை குடுத்தீங்களே, அதே செட்டு" என்று போய் நிற்போம்.

ஆன்டிபயாடிக் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கவுன்டரில் தொடங்கி இந்தக் கவுன்டரிலேயே முடித்துவிடுகிறார்கள். மக்கள் சும்மா வாங்கித் தின்கிறார்கள், கோர்ஸை முடிப்பதில்லை, அதனால் கிருமிகள் அடங்க மறுக்கின்றன, எனவே மக்கள் திருந்த வேண்டும் என்று. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி சாக்கடையில் இருக்கிறது, மருந்துத் தொழிற்சாலையின் கழிவுநீரில் இருக்கிறது, கோழிப் பண்ணையில் இருக்கிறது, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் ஒரு கல்ச்சர் டெஸ்ட் எடுக்க வசதியில்லாத ஆஸ்பத்திரியில் இருக்கிறது. சுத்தமான தண்ணீரும் ஒழுங்கான வடிகாலும் பரிசோதனைக் கூடமும் டாக்டருக்கு நோயாளியோடு பேச ஐந்து நிமிடமும் இல்லாத இடத்தில், அத்தனைக்கும் பதிலாக ஒரு மாத்திரையை வைத்துச் சமாளித்து வந்திருக்கிறோம். அந்த மாத்திரை இப்போது கேட்கவில்லை.

"கேட்கவில்லை" என்றதும் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். "அந்த மாத்திரை எனக்குப் பழகிடுச்சு, இப்ப கேக்கறதில்ல" என்று நிறையப் பேர் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். அதாவது உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆன்டிபயாடிக் விஷயத்தில் பழகுவது உடம்பு இல்லை, கிருமி. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் இதில்தான் எல்லாம் இருக்கிறது, ஏனென்றால் பழகியது என் உடம்பாக இருந்தால் அது என்னோடு போகும், பழகியது கிருமியாக இருந்தால் அது என் கையிலிருந்து உங்கள் கைக்கு, என் கழிப்பறையிலிருந்து உங்கள் குடிநீருக்கு வரும். வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கும் தின்னாத ஒரு பச்சைக் குழந்தைக்கும் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி தொற்றலாம், தொற்றுகிறது. செய்தித்தாள்கள் இதற்கு வைத்திருக்கும் "நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன்" என்ற பெயரும் குழப்புகிறது, நோய் எதிர்ப்பு சக்தி மாதிரி ஏதோ நல்ல விஷயம் போலக் காதில் விழுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமி என்றே நான் எழுதப் போகிறேன்.

கிருமி எப்படிப் பழகுகிறது? நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒன்றில் தொடங்கினால் எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சம். இத்தனை பிரதி எடுக்கும்போது எங்காவது எழுத்துப் பிழை வரும், அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்திலிருந்து தப்பிக்க உதவும். மருந்தை வெட்டிப் போடும் நொதி ஒன்றை உண்டாக்கலாம், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளலாம், மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம். மருந்து இல்லாத இடத்தில் இந்தப் பிழையால் பெரிய லாபம் இல்லை. மருந்து வந்ததும் மற்றதெல்லாம் செத்து, இது மட்டும் நின்று, காலி இடம் முழுவதையும் நிரப்புகிறது. 2016இல் ஹார்வர்டில் ஒரு பெரிய தட்டில் பட்டை பட்டையாக மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போய், ஓரத்தில் ஈ.கோலையை விட்டுப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து உடைத்துக்கொண்டு பரவி, ஏறக்குறைய 11 நாளில் ஆயிரம் மடங்கு மருந்து இருந்த நடுப்பட்டையையும் மூடிவிட்டது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பாக்டீரியாக்களிடம் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன மரபணு வளையம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்குச் சமையல் குறிப்பை எழுதிக் கொடுப்பது போல அதை ஒன்று இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான விடை சேர்ந்து இருக்கலாம். ஆபத்தில்லாத ஒரு குடல் பாக்டீரியா கற்றதை டைபாய்டு கிருமி வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் வரும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக் கதைக்கு இது தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பர் 11 அன்று தன் நோபல் உரையின் கடைசியில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் எடுத்துக்கொள்கிறார். கிருமிகள் சாகவில்லை, பென்சிலினைத் தாங்கக் கற்றுக்கொண்டன. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது, பென்சிலின் கொடுத்தும் பலனில்லாமல் அவர் இறந்து போகிறார். இந்தக் கதையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் அதில் சாவது மாத்திரையைத் தவறாக எடுத்தவர் இல்லை, அவர் வீட்டில் இருந்த இன்னொருவர் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. இன்னொன்று, தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றும் பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. கைமீறிப் போனது சீழ்ப் புண்களை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ். அதற்காகவே கொண்டுவந்த மெதிசிலின் புழக்கத்துக்கு வந்த ஓரிரு வருடத்திலேயே, 1961இல், அதற்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. எந்தக் கிருமி எப்போது தப்பிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதுதான் பயமாக இருக்கிறது.

காசநோயில் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1940களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகள் முதலில் தேறினார்கள், சில மாதங்களில் கிருமி அதைத் தாங்கிக்கொண்டது. அதனால் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள், ஒன்றிலிருந்து தப்பியதை மற்றது பிடிக்கும். சரி, ஆனால் ஒரு வருடம் விடாமல் மாத்திரை தின்ன வைப்பது எப்படி? சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால்தான் முடியும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் வேறு வழியைச் சோதித்தது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் இன்னொரு பாதியை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959இல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு இல்லை, காற்றோட்டம் இல்லை, ஓய்வு இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது, மாத்திரையோடு வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டார்களா என்று விசாரித்துச் சிறுநீரையும் சோதித்துப் பார்த்த ஆட்கள். சேத்துப்பட்டில் இன்றும் அந்த நிறுவனம் இருக்கிறது. மருந்து தனியாகப் போகாமல் ஆளோடு சேர்ந்து போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊரிலேயே இருக்கும் இந்தச் சான்றை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

இப்போதைய கணக்கைப் பார்க்கலாம். 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளோடு தொடர்புடைய இறப்புகள் உலகம் முழுக்க 49.5 லட்சம், அதில் அந்த அடங்காமையே நேரடிக் காரணம் என்று சொல்லத் தக்கவை 12.7 லட்சம். இப்படியே போனால் 2025 முதல் 2050 வரை நேரடிக் காரணமாக 3.9 கோடிப் பேர் இறக்கலாம் என்று 2024இல் வந்த கணிப்பு சொல்கிறது, அதில் மிகப் பெரிய பங்கு தெற்காசியாவுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023இல் ஆய்வகத்தில் உறுதியான தொற்றுகளில் ஆறில் ஒன்று வழக்கமான மருந்துக்கு அடங்கவில்லை. நாம் இருக்கும் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மூன்றில் ஒன்று.

பயன்பாடு என்று பார்த்தால், 76 நாடுகளின் விற்பனைக் கணக்கில் 2000இல் 2,110 கோடி நாள்-டோஸாக (ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கும் அளவு ஒரு நாள்-டோஸ்) இருந்தது 2015இல் 3,480 கோடி ஆனது, 65 சதவீத உயர்வு. உயர்ந்ததெல்லாம் பெரும்பாலும் நடுத்தர, ஏழை நாடுகளில். மொத்த அளவில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. இதைப் படித்ததும் நம் ஆட்கள்தான் அளவுக்கு மீறித் தின்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இந்தியர் சராசரியாக எடுப்பது அமெரிக்கரோ பிரெஞ்சுக்காரரோ எடுப்பதைவிடக் குறைவு. குறைவாகத் தின்கிற ஊரில் அடங்காத கிருமி அதிகம். இந்த முரண்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

2018இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பீட்டர் காலிக்னனும் அவரோடு சேர்ந்தவர்களும் 103 நாடுகளின் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு நாடு எவ்வளவு ஆன்டிபயாடிக் விழுங்குகிறது என்பதற்கும் அங்கே எவ்வளவு கிருமி அடங்காமல் திரிகிறது என்பதற்கும் நினைத்த அளவு தொடர்பு இல்லை. குடிநீர், கழிப்பிடம் போன்ற அடிப்படை வசதிகளும் நிர்வாகம் ஊழலில்லாமல் நடப்பதும்தான் வலுவாகப் பொருந்தி வந்தன. மருந்து அடங்காத கிருமியைத் தேர்ந்தெடுக்கிறது, அதை ஊர் முழுக்கக் கொண்டு சேர்ப்பது சாக்கடை.

இதற்கு டெல்லியைவிட நல்ல உதாரணம் கிடையாது. புதுடெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008இல் ஒரு கிளெப்சியெல்லா கிருமி கிடைத்தது. வேறெதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் ஊசி மருந்து வகையான கார்பபெனம்களையே அது வெட்டிப் போட்டது. அந்த நொதிக்கு ஊர்ப் பெயரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, அந்த நொதியை உண்டாக்கும் மரபணு சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதைக் காட்டியது. சென்னையில் மட்டும் 44 மாதிரிகள். அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அப்போது இங்கே எழுந்த கோபம் கிருமி மேல் வரவில்லை, பெயர் மேல் வந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள், நாடாளுமன்றத்தில் பேசினார்கள், கடைசியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்டன் 2011 ஜனவரியில் ஊர்ப் பெயரை வைத்தது பிழை என்று வருத்தம் தெரிவித்தார். பெயர் விஷயத்தில் நம் மனவருத்தம் நியாயம்தான், ஒரு நோய்க்கு ஊரின் பெயரை வைப்பது சரியில்லை. ஆனால் அந்த நேரத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அதே 2011இல் தண்ணீரையே எடுத்துப் பார்த்துவிட்டார்கள். டெல்லித் தெருக்களில் தேங்கி நின்ற, சாக்கடையில் ஓடிய தண்ணீரில் 171 மாதிரிகள், குழாய்த் தண்ணீரில் 50. தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குழாய் நீரில் 2 மாதிரிகளிலும் அந்த மரபணு இருந்தது. காலரா கிருமியிடமும் சீதபேதிக் கிருமியிடமும்கூட அது போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொரு விவரம் எனக்கு மறக்கவே இல்லை. அந்த பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு மிக எளிதாகக் கைமாறியது 30 டிகிரி வெப்பத்தில், அதாவது மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது இருக்கும் சாதாரணச் சூட்டில். அந்தத் தண்ணீரை மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எந்த கோர்ஸையும் பாதியில் நிறுத்தவில்லை.

அடுத்தது ஹைதராபாத் பக்கத்தில் உள்ள பட்டன்செரு. உலகத்துக்கு மலிவு விலை மாத்திரை செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் நெருக்கமாக உள்ள பகுதி. அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் பொது நிலையத்திலிருந்து, சுத்தப்படுத்தி வெளியே விட்ட தண்ணீரை ஸ்வீடனைச் சேர்ந்த யோகிம் லார்சன் குழு எடுத்துச் சோதித்து 2007இல் வெளியிட்டது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக். மாத்திரை தின்ற நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம். நாளொன்றுக்கு 45 கிலோ வெளியேறியது என்று கணக்கிட்டார்கள், 90 லட்சம் பேர் வாழும் ஸ்வீடன் முழுவதும் ஐந்து நாளில் பயன்படுத்தும் அளவு அது. தண்ணீரில் இத்தனை மருந்து இருந்தால் அங்கே பிழைத்திருப்பது எப்படிப்பட்ட பாக்டீரியாவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாத்திரைகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கும் போயின, மலிவு விலையின் லாபம் எல்லோருக்கும் கிடைத்தது, ஓடையும் கிணறும் அந்த ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது. கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று எண் போட்டு வரம்பு வைக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. இதை நான் பெரிய தவறாகவே பார்க்கிறேன். கவுன்டரில் நிற்கும் ஆளிடம் கண்டிப்பு காட்டும் அரசு, ஆலையிடமும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டாமா?

பண்ணைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகில் விற்கும் ஆன்டிபயாடிக்கில் பெரும் பங்கு மனிதருக்குப் போவதில்லை, கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் போகிறது, நோய்க்காக மட்டுமின்றிச் சீக்கிரம் எடை போடவும் தீவனத்தில் கலப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் எடைக்காகக் கலப்பதை 2006 தொடக்கத்தில் முழுதாக நிறுத்தியது. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது: கார்பபெனமும் கேட்காதபோது கொடுக்கும் கோலிஸ்டினையும் தாங்கும் மரபணு, பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும், அதுவும் பிளாஸ்மிட்டில். சீனா 2017இல் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015இல் சுமார் 27,000 டன்னாக இருந்த உற்பத்தி 2018இல் சுமார் 2,500 டன்னாக இறங்கியது, நல்ல உடல்நிலையோடு இருக்கும் மனிதர்கள் குடலில் அந்த மரபணு இருந்தது நூற்றுக்குப் பதினான்கு பேரிலிருந்து ஆறு பேராகக் குறைந்தது, அதுவும் மூன்றே வருடத்தில். இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. நிறுத்தினால் குறைகிறது. இந்தத் துறையில் நம்பிக்கை தரும் எண்கள் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

மறுபடி மனிதர்களுக்கு வருவோம். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காலையில் நூறு பேரைப் பார்த்தாக வேண்டிய டாக்டரை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலோடு ஒரு குழந்தை. வைரஸாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஆனால் உறுதி செய்ய டெஸ்ட் கையில் இல்லை, கல்ச்சர் அனுப்பினால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அம்மாவோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், மறுபடி வரமாட்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு ஆன்டிபயாடிக் எழுதுகிறார். அந்த "எதுக்கும்" என்ற ஒரு சொல்லில் இந்த நாட்டின் மருத்துவக் கட்டமைப்பு முழுக்க இருக்கிறது. தனியார் கிளினிக்கில் காரணம் வேறு, எழுதாவிட்டால் நோயாளி அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார். இந்தியத் தனியார் சந்தையில் 2019இல் மிக அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500, அதற்கு அடுத்தது செஃபிக்ஸிம் 200. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் கவனமாக எடுக்க வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது, நம் கவுன்டரில் முதலில் கைக்கு வருவது அவைதான்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்டில் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த "சென்னைப் பிரகடனம்" வந்தது. ஒரே நாளில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றால் டாக்டரே இல்லாத கிராமத்தில் நிமோனியா வந்த குழந்தை செத்துப் போகும், எனவே கடைசிக் கட்ட மருந்துகளிலிருந்து படிப்படியாக வாருங்கள் என்று அது சொன்னது. எனக்கு அதன் இந்த நிதானம் பிடிக்கும். அதன் பிறகு 46 மருந்துகளைக் கொண்ட ஹெச்1 பட்டியல் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, சீட்டு வேண்டும், கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பதிவேடு பெயருக்குத்தான் இருக்கிறது. கேரளம் 2018இல் தனக்கென ஒரு செயல்திட்டம் வகுத்து, 2024 தொடக்கத்திலிருந்து மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்துகிறது, பொதுமக்களே புகார் சொல்லவும் வழி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியம் இல்லை.

கோர்ஸை முடிக்க வேண்டும் என்ற அறிவுரையும் இப்போது மாறி வருகிறது, இதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. பல தொற்றுகளுக்குப் பத்து நாளுக்குப் பதில் ஐந்து நாள் போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, தேவைக்கு மேல் தின்னும் ஒவ்வொரு நாளும் குடலில் உள்ள மற்ற பாக்டீரியாவுக்குப் பயிற்சிதான். அதற்காக நாமாகப் பாதியில் நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை, காசநோயில் அது உயிரையே எடுக்கும். எழுதும்போதே "எத்தனை நாள், ஏன்?" என்று டாக்டரிடம் கேட்பதுதான் வழி.

ஐ.சி.யு. வாசலில் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு பட்டியல் நினைவிருக்கும். ஒரு பக்கம் மருந்துகளின் பெயர், எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. மேலிருந்து கீழ் வரை ஆர், ஆர், ஆர் என்று போய்க் கடைசியில் எங்காவது ஒரு எஸ் இருக்காதா என்று தேடும் அந்த நிமிடத்தை யாருக்கும் விரும்பமாட்டேன். பிறந்த குழந்தைகளிடம் இது இன்னும் கொடுமை. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பச்சைக் குழந்தைகள் மருந்துக்கு அடங்காத ரத்தத் தொற்றால் இறப்பதாகப் பத்து வருடத்துக்கு முந்தைய மதிப்பீடு ஒன்று சொன்னது. அவர்களில் பலருக்குக் கிருமி வந்தது பிறந்த அறையிலிருந்து, கழுவாத கையிலிருந்து, ஒரே நர்ஸ் இருபது தொட்டிலைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வார்டிலிருந்து.

புது மருந்து வராதா என்றால், வருகிறது, ஆனால் அதை விற்றுப் பிழைக்க முடியவில்லை. நல்ல ஆன்டிபயாடிக்கைக் கடைசிவரை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும், எடுத்தாலும் பத்து நாள்தான், ரத்த அழுத்த மாத்திரை போல ஆயுள் முழுக்க வாங்கமாட்டார்கள். அமெரிக்காவின் அக்காவோஜன் நிறுவனம் பிளாசோமைசின் என்ற புது ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கி 2019 ஏப்ரலில் திவாலானது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்த செஃபெபிம்-என்மெடாசோபாக்டம் கூட்டு மருந்தில், இரண்டாவது மூலக்கூறு சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது, அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் மருந்து இருப்பதும் கிடைப்பதும் வேறு. இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளில் 2019இல் கார்பபெனமும் கேட்காத தொற்று வந்த சுமார் 15 லட்சம் பேரில் சரியான மருந்து கிடைத்திருக்கக்கூடியவர்கள் 6.9 சதவீதம்தான் என்று 2025இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதிகம் தின்பதும் கிடைக்காமல் சாவதும் ஒரே ஊரில், சில நேரம் ஒரே தெருவில் நடக்கிறது.

இனி சிந்து. பாகிஸ்தானிலும் ஒரு ஹைதராபாத் இருக்கிறது. 2016 நவம்பரில் அங்கே தொடங்கிய டைபாய்டில் பழைய மூன்று மருந்துகளும் கேட்கவில்லை, சிப்ரோஃப்ளாக்ஸசினும் கேட்கவில்லை, டைபாய்டுக்கு நம்பிக்கையாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் கேட்கவில்லை. மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது டைபாய்டு கிருமி வேறொரு பாக்டீரியாவிடமிருந்து, பெரும்பாலும் ஈ.கோலையிடமிருந்து, ஒரு பிளாஸ்மிட்டை வாங்கியிருந்தது தெரிந்தது. 2018 முடிவதற்குள் சிந்து மாகாணத்தில் 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வகை வந்துவிட்டது, பெரும்பாலும் குழந்தைகள், சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்தவர்கள். வாயால் விழுங்கும் மருந்தில் அவர்களுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: அசித்ரோமைசின். செட்டு மாத்திரைக் கவரில் தொண்டை வலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் அதே மூன்றாவது மாத்திரை. அதற்கும் அடங்காத டைபாய்டு கிருமி வங்கதேசத்தில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

சிந்துவில் பரவலைத் தடுக்க உதவியது தடுப்பூசி. நம் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு ஊசி எல்லை தாண்டி அந்த ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே அந்த அடங்காத வகையையே 97 சதவீதம் தடுத்ததாக ஆய்வில் தெரிந்தது. 2019 நவம்பரில் சிந்துவின் நகரங்களில் இரண்டே வாரத்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட்டார்கள், உலகிலேயே முதல் நாடாகப் பாகிஸ்தான் அதைத் தன் தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊசி தயாராகும் நம் நாட்டில் இதைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று நிபுணர் குழு 2022இல் பரிந்துரைத்தது. ஆனாலும் பெரும்பாலான பெற்றோர் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போடும் ஊசியாகத்தான் அது இருந்து வருகிறது.